ஒற்றைக் கை மிஷின்

அமீனுதீன் பாயின் ஹார்டுவேர் கடைக்குக் குருமூர்த்தி மூன்றாவது நாளாக வந்து நின்றார். ஜங்ஷன் ரோட்டில் நகைக் கடைகள் நாலைந்து இருக்கின்றன. அங்கேகூட யாரும் இத்தனை நேரம் எடுத்துக்கொண்டதில்லை. இவரோ மரவேலைக்கான ரூட்டர் மிஷின் ஒன்று வாங்குவதற்கு மூன்று நாளாகக் கடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டு மிஷின்கள் இருந்தன. பெரியதற்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. சின்னது ஒரு செம்பு உயரம்தான், இடுப்பைப் பிடித்தால் ஒரு கைக்குள் அடங்கிவிடும். இரண்டுக்கும் அடியில் பிட்டு என்கிற வெட்டுமுனை சுழலும். அதை வைத்துப் பலகையில் பள்ளம் எடுக்கலாம், ஓரத்தை உருட்டலாம், வட்டமாக வெட்டலாம்.

"அண்ணே, பெருசையே எடுத்துட்டுப் போங்க" என்றார் பாய். "கதவு, ஜன்னலு, கட்டிலு, எது வேணாலும் செய்யலாம். உங்க பேரன் காலத்துக்கும் உழைக்கும்."

"பேரன் இன்னும் பொறக்கல பாய்."

"பொறப்பாண்ணே. அப்பயும் இந்த மிஷின் இருக்கும்."

குருமூர்த்தியின் மனசும் பெரியதன் மேல்தான் இருந்தது. பீங்கான் கம்பெனியில் முப்பது வருஷமாகப் பொம்மைக்கு மாதிரி செய்து, அச்சு எடுக்கிற வேலை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்டூல், அலமாரி என்று எதையாவது உளியால் செதுக்கிக்கொண்டிருப்பார். மரத்தில் ஆசை வைத்த ஆளுக்கு அந்த இரட்டைக் கைப்பிடியைப் பார்த்தால் உள்ளங்கை தினவெடுக்கத்தான் செய்யும். ஆனால் அவர் மிஷின் வாங்க வந்தது தன் ஆசைக்காக இல்லை. செல்வநாயகிக்காக.

செல்வநாயகி அவர் மனைவி. அதே கம்பெனியில் ஃபினிஷிங்கில் இருந்தவள். அச்சிலிருந்து வந்த பொம்மையை இடது கையில் பிடித்து, வலது கைக் கத்தியால் ஒட்டுத் தழும்பைச் சுரண்டி எடுப்பாள். பொம்மையின் மூக்கில் ஒரு கீறல் விழாது. போன தை மாதம் அவளைப் பக்கவாதம் அடித்துப் போட்டது. பேச்சு திரும்பி வந்தது. கால் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்தது. வலது கை மட்டும் வரவே இல்லை.

குருமூர்த்தியின் அக்காள் தனக்கோடி சேத்தியாத்தோப்பிலிருந்து வந்து ஒன்பது மாதமாகச் சமைத்துப் போடுகிறாள். நல்ல மனுஷி. ஆனால் கீரையை மிக்ஸியில் போட்டு ஒரே அடியாக அடித்துவிடுவாள். தட்டில் விழுவது கீரையா, கேட்டுக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்டா என்று சந்தேகம் வரும். செல்வநாயகி ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவாள். அந்த ஒன்றும் சொல்லாததுதான் குருமூர்த்திக்குத் தாங்கவில்லை.

இப்போது ஐப்பசி நடவு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தனக்கோடி ஊருக்குப் போயாக வேண்டும். ஓசூரில் இருக்கும் மகன் தமிழ்ச்செல்வன், அம்மாவை என்னோடு அனுப்புங்கள் என்று வாரம் தவறாமல் போன் செய்கிறான். குருமூர்த்திக்குச் சர்வீஸ் இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது, அவர் நகர முடியாது. செல்வநாயகி ஒரே ஒரு தடவைதான் இதைப் பற்றி வாயைத் திறந்தாள்.

"ஒத்தக் கைய வெச்சிக்கிட்டு என் அடுப்பங்கரைய நானே பாத்துக்க முடியும்னா இங்க இருக்கறேன். முடியலன்னா போயிடறேன். உங்களுக்கு ஆக்கிப் போட முடியாம இந்த வூட்டுல உக்காந்து நான் இன்னா பண்றது?"

அன்றைக்கு ஆரம்பித்தார் மனுஷன். அவளுக்கு என்னதான் முடியாமல் போகிறது என்று தெரிந்துகொள்ள, வலது கையை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லாவற்றையும் இடது கையால் செய்து பார்த்தார். சட்டைப் பொத்தான் போட்டார், ஷேவ் செய்து தாடையை வெட்டிக்கொண்டார். தம்பிக்கும் கை போய்விட்டதோ என்று தனக்கோடி பயந்துபோய் நெற்றியில் திருநீற்றை அப்பிவிட்டாள். பத்து நாளில் அவருக்கு ஒன்று புரிந்தது. காய் நறுக்கலாம், பலகையில் ஆணி அடித்துக் காயை அதில் குத்தி வைத்தால் போதும். ஆனால் கடைவதோ கிளறுவதோ முடியாது. பாத்திரத்தைப் பிடிக்க இன்னொரு கை இல்லாவிட்டால் அது மேடை முழுக்க ஓடுகிறது. பலகையில் குண்டானின் அடி இறுக்கமாய் உட்காருகிற மாதிரி ஒரு வட்டம் வெட்டி, பலகையை மேடையோடு திருகாணியால் முடுக்கிவிட்டால் அந்த இன்னொரு கை கிடைத்துவிடும். உளியால் வெட்டினால் வட்டம் வட்டமாக வராது. அதற்குத்தான் மிஷின்.

"இன்னிக்காவது முடிவு பண்ணுங்கண்ணே" என்றார் பாய்.

குருமூர்த்தி பெரியதைத் தூக்கப் போனார். பத்து நாள் பழக்கம், இடது கைதான் முன்னால் போனது. மிஷின் அரையடி எழும்பி, மணிக்கட்டு மடங்கி, மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தது. சின்னதை எடுத்தார். அது கூடவே எழுந்து வந்தது. ஓடவிட்டுப் பார்த்தார், கையை உதறவில்லை.

"சின்னதே குடுங்க பாய்."

"யோசிச்சிக்குங்க. பெரிய வேலைக்கு இது தாங்காது."

"என் வேலையே ஒரு குண்டான் அளவுதான் பாய்."

புதன் முதல் வெள்ளி வரை லீவு போட்டார். புதன்கிழமை சமையலறையில் செல்வநாயகியின் தையல் டேப்பால் குண்டானின் அடியை அளந்தார். ஐந்து அங்குலம். காலண்டர் தாளில் குறித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். கரண்ட் போய் வந்த பிறகு வேலை ஆரம்பமானது. மிஷினின் அடியில் ஒரு மெல்லிய மரச்சட்டத்தைத் திருகி, கம்பெனியிலும் வீட்டிலும் சட்டைப்பையை விட்டு இறங்காத தன் தேக்கு ஸ்கேலை எடுத்து, பிட்டிலிருந்து இரண்டரை அங்குலத்தில் சட்டத்தில் ஓர் ஆணி அடித்தார். ஆணியைப் பலகையில் ஊன்றிவிட்டால் மிஷின் அதைச் சுற்றித்தான் போகும், வேறெங்கும் போகாது. நாலு சுற்றில் வட்டம் கழன்று விழுந்தது. கண்ணை உறுத்தாத, சுத்தமான வட்டம். ஓட்டை விழுந்த பலகையைக் கீழ்ப்பலகை ஒன்றில் ஒட்டி, உள்ளே சைக்கிள் ட்யூப் துண்டு வைத்து, ஓரமெல்லாம் உருட்டி, உப்புத்தாள் போட்டு மினுக்கினார். குண்டானை வைத்துப் பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, அளவின் மேல் அத்தனை நம்பிக்கை. அன்று ராத்திரி அவருக்கு இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது.

வியாழக்கிழமை பலகையை மேடையில் முடுக்கினார்கள். வெந்த முளைக்கீரையோடு குண்டானை வட்டத்துக்குள் வைத்தாள் தனக்கோடி. செல்வநாயகி ஒன்பது மாதம் கழித்து மத்தை எடுத்தாள், இடது கையால். கழுவிய தலையை வாரி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். 

மத்தை அழுத்தி ஒரு சுற்று சுற்றினாள். குண்டான் வட்டத்துக்குள் கடகடவென்று ஆடியது. இன்னொரு சுற்றுக்கு அதுவும் மத்தோடு சேர்ந்து சுற்றியது. மூன்றாவதில் ஒரு பக்கம் ஏறிச் சாய்ந்து, கீரைத் தண்ணீர் மேடையில் வழிந்து அவள் புடவையில் கொட்டியது.

செல்வநாயகி மத்தைக் கீழே வைத்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. முந்தானையால் மேடையைத் துடைத்தாள்.

"தமிழுக்குப் போன் போடுங்க" என்றாள். "வந்து கூப்ட்டுக்கிட்டுப் போவச் சொல்லுங்க."

 குருமூர்த்தி போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை காரோடு வருவதாகச் சொன்னான் மகன். தனக்கோடி கண்ணைத் துடைத்துக்கொண்டே ஐந்தாறு புடவையை மடித்து ஒரு பையில் அடுக்கிவைத்துவிட்டு, மறுநாள் காலையில் பஸ் ஏறினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வீடு வெறிச்சென்று இருந்தது. ஓட்டல் சாப்பாட்டை இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குருமூர்த்தி எழுந்து அந்தப் பலகையைக் கழற்றிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். உடைத்து அடுப்பில் போடுகிற உத்தேசம்தான். முப்பது வருஷம் அச்சு எடுத்த கை, ஐந்து அங்குலத்தைத் தவறவிடுமா என்று ஒரு எரிச்சல். ஸ்கேலை எடுத்து வட்டத்தின் மேல் வைத்தார். சரியாக ஐந்து. பிறகு என்ன நினைத்தாரோ, தையல் டேப்பை எடுத்து வந்து வைத்தார். ஐந்தரையையும் தாண்டி நின்றது.

டேப்பைப் பார்த்தார். ஸ்கேலைப் பார்த்தார். நெற்றியில் அறைந்துகொண்டார்.

அது அவரே அச்சுவேலைக்கென்று செய்த ஸ்கேல். பீங்கான் மண் சூளையில் வெந்தால் சுருங்கிவிடும். எட்டு அங்குலப் பொம்மை வேண்டும் என்றால் மாதிரியை ஒன்பது அங்குலத்துக்குச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்று, ஒவ்வொரு அங்குலத்தையும் கொஞ்சம் நீட்டியே கோடு போட்டு வைத்திருந்தார். அவர் செய்த ஸ்டூலும் அலமாரியும் ஆரம்பம் முதல் கடைசி வரை அந்த ஒரே ஸ்கேலில் அளந்தவை, அதனால் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன. குண்டானை மட்டும்தான் ஊர் அளவில் அளந்து, தன் அளவில் வெட்டியிருந்தார்.

உள்ளே போனார். செல்வநாயகி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்தப் பை.

"தப்பு உன் கையில இல்ல" என்றார். "என் ஸ்கேலுல. கம்பெனி ஸ்கேல வெச்சி வெட்டிட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வேறு வீட்டில் வேறு மனைவியாக இருந்தால் இதை விளக்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். இவள் பதினெட்டு வருஷம் அதே கம்பெனியில் பொம்மை சுரண்டியவள்.

"சுருங்கற அளவு விட்டு வெட்டியிருக்கீங்க."

"ஆமா."

"ஏங்க, அந்தப் பலகைய எந்தச் சூளையில வெக்கப் போறீங்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாய் இன்னும் ஒரு பக்கம் கோணித்தான் இருந்தது. அந்தக் கோணல் வாயோடு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ஒன்பது மாதமாக அந்த வீட்டில் கேட்காத சத்தம் அது. குருமூர்த்தியும் சிரித்தார், நடுவில் எப்போது அழ ஆரம்பித்தார் என்று அவருக்கே தெரியாது.

"வேற பலகை இருக்குதா?" என்றாள்.

"இருக்குது."

குண்டானை இடது கையில் தூக்கிக்கொண்டு காலை இழுத்தபடி பின்கட்டுக்கு வந்தாள். "மொதல்ல அந்த ஸ்கேல அந்தாண்ட போடுங்க." குண்டானைப் பலகை மேல் அப்படியே வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு இழுக்கச் சொன்னாள். அவர் நடுவைக் கண்டுபிடித்து, கோட்டுக்குச் சரியாகப் பிட்டு வருகிற மாதிரி ஆணியை மாற்றி அடித்தார். பலகையைப் பெஞ்சோடு முடுக்கினார். மிஷினை எடுக்கக் கை நீட்டினால், அங்கே அவள் கை இருந்தது.

"நான் சுத்தறேன்."

"வேணாம் செல்வி. பிட்டு தெறிச்சிடும், தூசி கண்ணுல அடிக்கும்."

"உங்க கண்ணாடியக் குடுங்க."

மூக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டார். அவள் மிஷினை இடுப்பில் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். சின்ன மிஷின் அவள் விரல்களுக்குள் அடங்கியது. "பெரிய பொம்மை கனம்தான் இருக்குது" என்றாள். பொம்மையை எப்போதும் பிடித்த கை அந்த இடது கைதான் என்பது அப்போதுதான் குருமூர்த்திக்கு உறைத்தது.

சுவிட்சைப் போட்டார். மிஷின் கூவியது. முதல் சுற்றுக்கு அவள் கை மேல் தன் கையையும் வைத்துக்கொண்டார். ஆணியைச் சுற்றி மெதுவாக, மாவு மாதிரித் தூள் பறக்க, மிஷின் வட்டம் போனது.

நிறுத்தி, இன்னும் ஆழம் போகப் பிட்டை இறக்கினார். மறுபடியும் கையை வைக்கப் போனார்.

"கைய எடுங்க" என்றாள்.

எடுத்துவிட்டார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மிச்சச் சுற்றுகளை அவள் தனியாகவே சுற்றினாள், உதட்டைக் கடித்துக்கொண்டு, முன்பு பொம்மை முகத்தின் மேல் குனிவாளே, அதே குனிவோடு. ஓரிடத்தில் லேசாக எரிந்து கறுத்தது. மற்றபடி வட்டம்தான். குண்டானை உள்ளே அழுத்தினாள். கிச்சென்று உட்கார்ந்தது. பிடித்துத் திருகிப் பார்த்தாள், அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத் தமிழ்ச்செல்வன் வந்தான். வாசலில் கார் நிற்க, கூடத்தில் கட்டி வைத்த பையைப் பார்த்தவன், "அம்மா, கெளம்பலாமா? சாப்பாட்ட வேப்பூர் தாண்டி எங்கயாவது பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனான். அடுப்பங்கரை வாசலில் அப்படியே நின்றுவிட்டான்.

செல்வநாயகி கீரை கடைந்துகொண்டிருந்தாள். குண்டான் பலகையில் ஆணி அடித்தாற்போல் நின்றது. மத்து மட்டும் சுற்றியது. வலது கை பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. குருமூர்த்தி வேலையே இல்லாமல் கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

"வந்துட்டியா?" என்றாள் திரும்பாமலே. "அந்தப் பையில என் சேலைங்க இருக்குது. எடுத்து பீரோல அடுக்கிட்டு, கையக் கழுவிக்கிட்டு வந்து உக்காரு. சோறு ஆறுது."