யாருக்கு வெளியே?

எங்கள் வீட்டு போர் தண்ணீர் மறுபடியும் சிவப்பாக வந்தது. 'மறுபடியும்' என்பது சரியா என்று தெரியவில்லை. போன வாரம் வந்தது பச்சை. பக்கத்தில் இருக்கும் கோதண்டபாணியின் சாயப்பட்டறையில் இன்று எந்த நிறப் பட்டு நனைகிறது என்பதை எங்கள் குடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அம்மா அலசிய இட்லித் துணி அரக்கு நிறமாகிவிட்டது. "இந்தா, இட்லிக்கும் பட்டுப்புடவ கட்டியாச்சி," என்று என் முன்னால் வீசினாள். "அக்கா கைக்கொழந்தையோட அடுத்த வாரம் வர்றா. புள்ளைய இதுலயா குளிப்பாட்டுறது? சாயங்காலமானா இங்கிலீஷ் கிளாஸுக்கு ஓடுறியே கலை, ஒரு போன் போட்டுச் சொல்ல மாட்டியா?"

சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி, திருத்தி, புகார் எண்ணுக்குப் போன் செய்து படித்தேன்: "எங்கள் தெருவில் கழிவுநீர் ஓடுகிறது."

மறுநாள் கழிவுநீர் லாரி வந்தது. இரண்டு பேர் சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"அடைப்பு எதுவும் இல்லம்மா. நல்லா போய்க்கினு இருக்குது."

"அடைப்பு இல்லண்ணா. பட்டறையிலருந்து சாயத் தண்ணி வருது."

"கழிவுநீர்னுதானே சொன்னீங்க?" என்றார் ஒருவர். லாரி போய்விட்டது. புகார் தீர்க்கப்பட்டது என்று குறுஞ்செய்தியும் வந்துவிட்டது.

மாசு சம்பந்தமான அலுவலகம் வேறு என்றார்கள். அரை நாள் லீவு போட்டுப் போனேன். அங்கே ஜன்னலுக்குப் பின்னால் பெரியநாயகி மேடம் இருந்தார்.

"கழிவுநீர்னா லாரிக்காரங்க பாப்பாங்க. நாங்க எஃப்ளுயன்ட் மட்டும்தான்."

"அப்படின்னா என்ன மேடம்?"

"கழிவுநீர்தான்மா."

அவர் சிரிக்கவில்லை. நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

அன்று மாலை வகுப்பில் ராமராஜன் சாரிடம் கேட்டேன். அவர் பலகையில் அந்த வார்த்தையை இரண்டாகப் பிரித்து எழுதினார். முன்பாதிக்கு 'வெளியே', பின்பாதிக்கு 'ஓடுவது'. ஏரியிலிருந்து வெளியேறும் ஓடையைக்கூட அப்படிச் சொல்வதுண்டாம். ஆலைத் தண்ணீருக்கு அது பெயரானது பிற்பாடுதான்.

"சார், அது பட்டறைக்குத்தான் வெளியே. எங்களுக்கு உள்ளே இல்ல வருது? நாங்க என்னன்னு சொல்றது?"

"அதெல்லாம் டிக்ஷனரியில இருக்காதும்மா," என்றார் சார்.

பின் பெஞ்சிலிருந்து ஜான்சன், "நீ அழுதுடுக்கா. அதுவும் எஃப்ளுயன்ட்தான்," என்றான். வகுப்பே சிரித்தது.

மறுநாள் பஸ்ஸில் வழியெல்லாம் அந்த வார்த்தையை முணுமுணுத்துக்கொண்டே போனேன். ஜன்னல் முன்னால் நின்றதும் வாயில் வந்தது 'அஃப்ளுயன்ட்'.

"அஃப்ளுயன்ட்னா பணக்காரங்கம்மா," என்றார் மேடம். "பணக்காரங்க தெருவுல ஓடியாறாங்கன்னு யாராச்சும் கம்ப்ளைன்ட் குடுப்பாங்களா?"

எனக்குப் பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். காது எரிந்தது. ஆனால் மேடம் எழுதிக்கொண்டார். மதியமே நேரில் வந்தும் விட்டார்.

பட்டறைச் சுவரிலிருந்து ஒரு குழாய் எங்கள் சந்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் கீழே மண் சிவந்து ஊறிக் கிடந்தது. கோதண்டபாணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இது எஃப்ளுயன்ட்டே இல்லீங்க மேடம். சாயத்த நான் தொட்டியிலயே நிறுத்திடுறேன். இது பட்டு அலசுன தண்ணி. பட்டுக்கு ஏதுங்க தீட்டு? சாமிக்குச் சாத்துற பட்டு பட்ட தண்ணிய கழிவுன்னு சொல்லலாமா?"

மேடத்தின் பேனா நின்றுவிட்டது. இவரும் லாரி மாதிரிப் போய்விடுவார் என்று பயமாக இருந்தது.

"மேடம், நான் சொல்றது தப்பா இருக்கலாம்," என்றேன். "ஆனா அந்த வார்த்தையில அழுக்குன்னு எதுவும் இல்ல மேடம். வெளியே ஓடுறதுன்னுதான் இருக்குது. சாமிக்குச் சாத்துற பட்டா இருந்தாலும் தண்ணி வெளியேதானே ஓடுது?"

"நேத்து வரைக்கும் என் பட்டறை ஜன்னல எட்டி எட்டிப் பாத்துக்கினு நின்ன சின்னப் பொண்ணு, இன்னிக்கி எனக்கே அர்த்தம் சொல்லுது," என்றார் கோதண்டபாணி.

மேடம் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தார். "சுத்தமான தண்ணின்றீங்க. அப்போ வெளியே எதுக்கு விடணும்? இந்தக் குழாய அடைச்சிட்டு, உள்ள உங்க கெணத்துப் பக்கமா விட்டுக்கங்க."

"ஐயோ, என் கெணத்துலயா?" கோதண்டபாணி பதறிவிட்டார். "நாங்க குடிக்கிற தண்ணிம்மா அது!"

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. மேடம் மாதிரி எடுக்க ஒரு பாட்டிலைத் திறந்து குழாய்க்குக் கீழே பிடித்தார். இன்றே குழாயை அடைக்க வேண்டும், தான் நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றார். பட்டறை ஆட்கள் சிமென்ட் குழைத்து அடைத்தார்கள்.

மண்ணுக்குள் இறங்கிய சாயம் எப்போது போகும் என்று கேட்டேன். மழையைப் பொறுத்து, மாதக் கணக்கில் ஆகலாம் என்றார் மேடம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். குழாயை அடைத்தது அவளுக்குக் காதிலேயே விழவில்லை. போனை என் கையிலிருந்து பிடுங்கி அக்காவைக் கூப்பிட்டாள்.

"நீ இப்போ வராதடி. உன் தங்கச்சி கெலிச்சிட்டா, ஆனா தண்ணி இன்னும் செவப்பாத்தான் வருது."