மூன்று துளையும் நான்கு பின்னும்

1

இந்தக் கதைக்கு நான் முதலில் எழுதிய வரி இது: "தம்பிக்குச் சிவப்பு வேண்டும், பச்சை வேண்டும், நீலம் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி." அடித்துவிட்டேன். ஜவுளிக்கடையில் துணி கேட்பது போல இருந்தது.

உண்மையில் இந்தக் கதை ஒரு ரப்பர் பேண்டிலிருந்து வந்தது. அதற்கு வருகிறேன். அதற்கு முன், எல்லாம் கடைசியாகச் சாதாரணமாக இருந்த நேரம். ஒரு முற்பகல். மேசைமேல் பக்கக் கதவு கழற்றிய கணினிப் பெட்டி. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அதற்குள் தலையை விட்டிருக்கும் ஓர் அக்கா. பக்கத்துக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி அவளை வேலை வாங்கும் தம்பி.

(அந்த அக்கா நான்தான். 'அவள்' என்று எழுதினால் வாக்கியம் முடிகிறது. 'நான்' என்று தொடங்கியவை பாதியில் நின்றுவிடுகின்றன.)

2

தம்பியின் தசைகள் சிறு வயதிலிருந்தே ஒவ்வொன்றாக வேலையை நிறுத்திக்கொண்டு வந்தன. இருபத்தாறு வயதில் அவனுக்கு மிஞ்சியவை வலது கையில் ஒரு விரல், கழுத்துக்கு மேல் உள்ளவை, பிறகு வாய்க்கொழுப்பு. மூச்சு விட ஒரு மெஷின். கணினியைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டது அவன். திருகாணியைத் தொட்டதெல்லாம் அக்காவின் கை. அவளை அவன் மெக்கானிக் என்பான். அவளுக்கு அவன் இன்ஜினியர் சார்.

அந்த வாரம் அவனுக்கு நெஞ்சில் சளி. குரல் சமையலறைவரை எட்டவில்லை. அன்று மாட்டப்போன விளக்கு அதற்காகத்தான், அழகுக்காக அல்ல. நிறம் மாறும் எல்இடி பட்டை ஒன்றைப் பெட்டிக்குள் ஒட்டி மதர்போர்டில் இணைத்துவிட்டால், ஒரு விரலால் மவுஸை அழுத்தி நிறத்தை மாற்றலாம். பச்சை என்றால் நலம். சிவப்பு என்றால் ஓடி வா.

3

பெட்டிக்குள் தம்பி பார்க்க வேண்டுமானால் கட்டிலை மேசையருகே உருட்ட வேண்டும். உருட்டினால் மூச்சு மெஷினின் வயர் சுவருக்கு எட்டாது. பிளக்கைப் பிடுங்கி பேட்டரியில் விடுவாள். பேட்டரி பழசு, ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது. மறந்துவிடக் கூடாதே என்று ஓர் ஏற்பாடு: பிளக்கைப் பிடுங்கியதும் அக்கா இடது மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டிக்கொள்வாள். திரும்பச் செருகிய பிறகுதான் அதைக் கழற்றுவாள். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அன்றும் மாட்டியிருந்தாள்.

"வலது பக்கம், கடைசி," என்றான் தம்பி, பட்டையின் கேபிளைச் செருக வேண்டிய இடத்தை.

"யாரோட வலது? உன்னோடதா, என்னோடதா?"

"படுத்திருக்கிறவனோட வலது. நிக்கிறவங்களுக்கு என்ன, எங்க திரும்பினாலும் வலதுதான்."

"ரெண்டு இருக்குடா. ஒண்ணுல மூணு பின், இன்னொண்ணுல நாலு."

"மூணு. அது அஞ்சு வோல்ட். நாலு பின் பன்னிரண்டு வோல்ட். மாத்திச் சொருகினா பட்டை பொசுங்கிடும்."

"வயரெல்லாம் மூஞ்சியில விழுது. எதப் பார்க்கிறது நான்?"

"தலையத்தான் ஒழுங்கா வாரிக்கிறதில்ல. வயரையாவது வாரிக் கட்டுங்க, மெக்கானிக்."

அவள் மணிக்கட்டிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி வயர்களைச் சேர்த்துக் கட்டினாள்.

[இந்த ஒரு வாக்கியத்தை எழுத ஏழு மாதம் ஆனது.]

மலிவான கேபிள் அது. மூன்றே துளை, தவறான இடத்தில் நுழையாதபடி தடுக்க அதில் எதுவும் இல்லை. நான்கு பின்னில் மூன்றைக் கவ்விக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்துவிடும். அவனுடைய வலது அவளுக்கு மேல்பக்கம். அவள் பின்னை எண்ணாமல் கீழ்ப்பக்கத்தில், நான்கு பின்னில் செருகினாள். பவர் பட்டனை அழுத்தியதும் பெட்டி முழுக்க வெள்ளை வெளிச்சம், கண் கூசும்படி. அடுத்த நொடி இருட்டு. பிளாஸ்டிக் கருகும் நாற்றம்.

"ஆகா," என்றான் தம்பி. "ஒரு செகண்டு சொர்க்கம் தெரிஞ்சுதுக்கா."

"சாரிடா. நான் ஒரு தண்டம்."

"அது ஊருக்கே தெரியும். போய் இன்னொண்ணு வாங்கிட்டு வா. கட்டில் இப்படியே இருக்கட்டும், வந்ததும் மாட்டிடலாம்."

(கடைசி வாக்கியத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அவன் சொன்னானா, எனக்குத் தேவைப்படுகிறது என்பதால் சொல்ல வைத்தேனா? பிரதிக்குப் பிரதி அதை அடிக்கிறேன், மறுபடி சேர்க்கிறேன்.)

அக்கா பழக்கத்தில் மணிக்கட்டைப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது. அப்படியென்றால் எல்லாம் சரி. செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

4

இங்கிருந்து நான் வேறு வழிகளில் போய்ப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பிரதியில் அவள் சரியான இடத்தில் செருகுகிறாள். பிற்பகலில் சமையலறைச் சுவரில் சிவப்பு விழுகிறது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுகிறாள். "டெஸ்டிங்," என்று அவன் சிரிக்கிறான். நான்கு பக்கம் சரளமாக வந்தது. திரும்பப் படித்தால் நான்கு பக்கத்திலும் தம்பி என் குரலில் பேசிக்கொண்டிருந்தான்.

இன்னொன்றில் பழி முழுவதும் கேபிள் செய்தவன் மேல். சூடான கட்டுரை. ஆனால் விவரம் தெரிந்த யாரும் முதல் பத்தியிலேயே கேட்டுவிடுவார்: விளக்கு கருகினால் ஆள் ஏனம்மா சாக வேண்டும்?

5

முதல் கடையில் பட்டை இல்லை. இரண்டாவது கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். அக்கா காத்திருந்தாள். பேட்டரி தீரும்போது மெஷின் கத்தும். கேட்க வீட்டில் ஆள் வேண்டும். திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

வீட்டில் அம்மா இருந்தாள். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். அன்று வேலை அரை நாளோடு முடிந்திருந்தது. கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து தம்பியின் முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டான்மா," என்றாள். "நான் வந்தப்பவே போயிருந்தான். சளி அடைச்சிருச்சு."

"மெஷின்?"

"அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு."

ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிளக் சுவரில் இருந்தது. கட்டில் சுவரோரம், எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றது. டாக்டர் வந்தார், சளி என்று எழுதிக் கொடுத்தார், போனார். அக்காவும் அதை நம்பினாள். நம்புவதற்கு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

ஏழு வாரம் கழித்து, தூசி தட்டுவதற்காகக் கணினிப் பெட்டியைத் திறந்தபோதுதான் உள்ளே வயர்களைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்டு கண்ணில் பட்டது.

நான் கட்டிலைத் திரும்ப உருட்டவில்லை. பிளக்கை நான்

6

அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். அந்தக் கட்டிலை அவள் தனியாக உருட்டி நான் பார்த்ததில்லை. அன்று உருட்டியிருக்கிறாள்.

எப்போது? மகன் போய்விட்டான் என்று தெரிந்த பிறகு, யாருக்கும் சொல்லியனுப்புமுன், என் ஒருத்திக்காகவா? இல்லை, அவன் இன்னும் திணறிக்கொண்டிருக்கும்போதே, காப்பாற்றிவிடலாம் என்றா? முதலாவது என்றால் அவள் என் தவறை மறைத்திருக்கிறாள். இரண்டாவது என்றால் அவள் பார்த்ததையும் சேர்த்து மறைத்திருக்கிறாள். கதை எழுதுகிறவளுக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. மகளுக்கு இல்லை.

போன வாரம் அம்மா வந்து கதவருகே நின்றாள்.

"என்னடி, நாளெல்லாம் எழுதிக்கிட்டே இருக்க?"

"கதைம்மா."

"எதப் பத்தி?"

"கம்ப்யூட்டருக்கு லைட்டு மாட்டுறதப் பத்தி."

"அதுல என்ன கதை இருக்கு? ஒழுங்கா மாட்டினா எரியப்போகுது."

சொல்லிவிட்டுத் திரும்பியவள், கூடத்திலிருந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"எழுதி முடிச்சு என்கிட்ட படிக்கக் குடுக்காத."

7

ஆகவே இதற்கு முடிவு எழுத என்னால் ஆகாது. இந்தத் தாள்களை அம்மாவின் கையில் கொடுத்துக் கேட்பதா, அவள் சுமப்பதை அவளே சுமக்கட்டும் என்று விடுவதா, நீங்கள் சொல்லுங்கள். சொல்லும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நீங்கள் எழுதுகிற முடிவில் நீங்கள் குடியிருக்கப் போவதில்லை.

மெஷினை வாடகைக்கு விட்டவர்கள் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். கட்டிலையும் கொடுத்துவிட்டோம். அந்த அறையைத் தினமும் அம்மாதான் பெருக்குகிறாள். சுவரில் அந்த பிளக் பாயிண்டின் சுவிட்ச் இன்னும் போட்டபடியே இருக்கிறது.