இருமுகிறவனுக்கு முதல் இழுப்பு

மறுபடியும் நிமோனியாவில் கிடந்து வீடு திரும்பியிருந்தான் லாசெல்ஸ். வருஷக்கணக்கில் இழுத்த கஞ்சாப் புகை நுரையீரலின் எதிர்ப்புச் சக்தியையே அரித்துவிட்டதாக டாக்டர் திட்டியிருந்தார்.

பார்க்க வந்த கூட்டாளி ஆல்வாவின் கையில், கஞ்சா இழுக்கும் அந்தப் பழைய சிரட்டைச் சிலும்பி. கிங்ஸ்டனுக்கு மேலே மலையில் மாமரத்தடி, மேளச் சத்தம், சடைமுடிக் கூட்டத்தின் சிரிப்பு, எல்லாம் லாசெல்ஸின் கண்முன் வந்தன. புகை நோயை விரட்டும் என்று நம்பிய காலம். இருமுகிறவனுக்குத்தான் முதல் இழுப்பு. அவன் வாய் வைத்த குழாய்தான் வட்டம் முழுக்கச் சுற்றும்.

லாசெல்ஸ் இருமினான்.

“பிடிடா, முதல் இழுப்பு உனக்குத்தான்!”

“போடா மடையா, டாக்டர் கொன்னுடுவாரு.”

சிலும்பியை வாங்கி வாசனையை மட்டும் முகர்ந்தான். திருப்பி நீட்டும்போது ஆல்வா இருமினான். லாசெல்ஸின் கை பாதியில் நின்றது.

அந்த வட்டத்தில் இருமி இருமியே போய்ச் சேர்ந்தவர்கள் போக, மிச்சம் இவர்கள் இருவர்தான்.