டெனிசன் வீட்டுக் கணினி

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த பகல். வடக்குப்பட்டு கிராமத்துக்குப் பின்னால் புதிதாக எழும்பிய குடியிருப்பில், டெனிசனின் வீட்டுக் கூடத்தில் நான்கு பேர் இருந்தார்கள். கணினி மேசைக்கு முன்னால் சுழல் நாற்காலியில் டெனிசன். எதிரே கட்டிலின் விளிம்பில் சுவாதி, எந்த நேரமும் எழுந்துவிடுகிறவள்போல் உட்கார்ந்திருந்தாள். வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் அவளுடைய அப்பா ஏகாம்பரநாதன். வாலாஜாபாத் பக்கத்திலிருந்து காலைப் பஸ்ஸில் வந்தவர், தோள் துண்டை இன்னும் எடுக்கவில்லை. டெனிசனின் மனைவி ஜோஸ்லின் சமையலறை நிலைப்படியில் முக்காலி போட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

டெனிசன், ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் லைன் லீடர், ஓர் உற்பத்தி வரிசையின் பொறுப்பாளர். சுவாதி அவர் லைனில் ஒப்பந்தத் தொழிலாளி. அங்கே எந்தப் பொருளாக இருந்தாலும் அதன் பெயரை எழுதி ஒட்ட வேண்டும். நேற்றுச் சேர்ந்தவன்கூட யாரையும் கேட்காமல் எடுக்க வேண்டும். இந்த ஒழுங்குக்காக டெனிசன் வாங்கிய கோப்பை டிவிக்குப் பக்கத்தில் மின்னியது. அதே ஒழுங்கை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். உப்பு டப்பா, சுவிட்ச், செருப்புத் தட்டு எல்லாவற்றிலும் மஞ்சள் சீட்டு.

"எம்மேலயும் ஒண்ணு ஒட்டிடுங்க, பொண்டாட்டினு. மறந்துபோய் பக்கத்து வூட்டுக்குப் போயிடப் போறீங்க" என்பாள் ஜோஸ்லின்.

கணினித் திரையின் கீழ் விளிம்பிலும் அப்படி ஒரு சீட்டு இருந்தது. அதில் டெனிசனின் மின்னஞ்சலும் அதன் கடவுச்சொல்லும். கணினியைத் திறக்கவோ கடவுச்சொல்லே கிடையாது. அந்தத் தெருவில் பிரிண்டர் உள்ள வீடு அது ஒன்றுதான். ரயில் டிக்கெட், பிள்ளைகளின் ஹால் டிக்கெட் என்று வருகிறவர்கள், டெனிசன் ஷிப்டுக்குப் போயிருந்தாலும் தாங்களே உட்கார்ந்து எடுத்துக்கொண்டு போவார்கள்.

"நேத்து போன்ல அழுதுகினே பேசின, ஒண்ணும் புரியல. இப்ப நிதானமா சொல்லும்மா" என்றார் டெனிசன்.

"என் பேர்ல யாரோ சிம் வாங்கிகிறாங்கண்ணா. அத்த வச்சி, பேங்க்லருந்து பேசுறோம்னு ஏமாத்திகிறாங்க. ஸ்டேஷன்ல ரெண்டு தடவ கூப்ட்டு விசாரிச்சாங்க. நாளைக்கு மறுபடி வரச் சொல்லிகிறாங்க."

"நீ வாங்கலனு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே! உன் ஆதார்தானே, உன் போட்டோதானேன்றாங்க. ஹெச்.ஆர்ல வேற, இது தீர்ற வரைக்கும் பர்மனென்ட் ஆர்டர் இல்லனுட்டாங்க. நம்ம லைன்ல மத்தவங்களுக்கெல்லாம் வெள்ளிக்கிழம தர்றாங்க. எனக்கு இந்த மாசத்தோட கான்ட்ராக்டும் முடியுதுண்ணா. அப்புறம் நான் எங்க போறது?"

ஏகாம்பரநாதன் நாற்காலியை முன்னால் இழுத்தார். "யாருன்னு எனக்குத் தெரியும் சார். கூட்ரோட்டுல ஜெராக்ஸ் கட வச்சிகினு கீறானே சுப்பராயன், அவன்தான். இவ ஆதார ஜெராக்ஸ் எடுத்தது அவன் கடையிலதான். வரும்போதே கட வாசல்ல நின்னு நல்லா கேட்டுட்டுதான் வந்தேன். கூட்டம் கூடிப்போச்சு. நாளைக்கு ஸ்டேஷன்ல அவன் பேர எழுதிக் குடுத்துட்டுதான் மறுவேல."

ஸ்டேஷனில் இருந்த ஆதார் நகலைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள் சுவாதி. அதை நீட்டினாள். "மூலையில இன்னாமோ சீட்டு ஒட்டிகிது பாருங்க. கடைக்காரன் வச்ச அடையாளம்னு அப்பா சொல்றாரு."

டெனிசன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மஞ்சள் சீட்டு. அதில் அவருடைய கையெழுத்து.

நிரந்தரம் ஆக்குவதற்காகத் தன் லைன் ஆட்களின் ஆதார் அட்டைகளை வாங்கியவர் அவர்தான். தொழிற்சாலைக் கணினியில் எப்போதும் யாராவது இருந்ததால் வீட்டுக்கு எடுத்து வந்து, குழம்பிவிடக் கூடாதென்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி ஸ்கேன் செய்து, சீட்டைப் பிய்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நகல்கள் எல்லாம் கணினியின் முகப்பிலேயே, 'எல்லோர் ஆதார்' என்ற பெயரில் இருந்தன. சுப்பராயன் கடைக்கு அந்த நகல் போகவே இல்லை.

"பாக்கலாம்மா" என்று மட்டும் சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் டீ டம்ளரோடு பின்னால் நின்ற ஜோஸ்லினும் படத்தைப் பார்த்திருந்தாள்.

"ஏங்க, கொஞ்சம் உள்ள வாங்க."

அடுப்பங்கரையில் அவள் குரலைத் தாழ்த்தினாள். "அது உங்க சீட்டுதானே?"

"மெதுவா பேசு. நம்ம வூட்லருந்து போச்சுன்னு யாருக்கும் தெரியாது. ஆளுங்க கார்ட வெளிய எடுத்துகினு போவக் கூடாதுனு கம்பெனியில ரூல் கீது. சொன்னா மொதல்ல என்னத்தான் நிறுத்துவாங்க."

"சரி. அந்தக் கடைக்காரரு ஸ்டேஷன் ஸ்டேஷனா அலையட்டும். இந்தப் பொண்ணு துணிமூட்டையத் தூக்கிகினு ஊருக்குப் போவட்டும். நீங்க அந்தக் கோப்பையத் தொடச்சிகினு உக்காருங்க."

 டெனிசன் கூடத்துக்கு வந்து கணினியைப் போட்டார். தன் மின்னஞ்சலில் அனுப்பிய கடிதங்களைத் தேடியபோது அது கிடைத்தது. அவர் இரண்டாம் ஷிப்டில் இருந்த ஒரு மாலையில், அந்த நகல்கள் மொத்தமும் அவருடைய பெயரிலேயே முன்பின் தெரியாத ஒரு முகவரிக்குப் போயிருந்தன. அன்று பிரிண்ட் எடுக்க யார் யார் வந்தார்கள் என்று ஜோஸ்லினுக்கு ஞாபகமில்லை. அந்தத் தெருவில் வராதவர் யார்?

அவர் எழுந்து நின்றார். "சுவாதி, இது சுப்பராயன் வேல இல்ல. எல்லாம் என் வூட்லருந்துதான் போயிருக்கு. அந்தச் சீட்டு நான் ஒட்டினது."

ஏகாம்பரநாதனுக்கு விளங்கச் சிறிது நேரம் ஆனது. விளங்கியதும் துண்டை உதறி எழுந்தார். "உன்ன நம்பிதானேய்யா குடுத்துச்சு எம் பொண்ணு? வூட்டுக்கு இரும்பு கேட்டு போட்டுகிற. பைக்குக்கு ரெண்டு பூட்டு போட்டுகிற. எம் பொண்ணு பேரு மட்டும் தெருவுல கெடக்கணுமா?"

 சுவாதி அழவில்லை.

"என்னோடது மட்டுமாண்ணா போச்சு?"

"எல்லாரோடதும்மா."

"ஐயோ, நம்ம லைன் சண்முகப்ரியா அடுத்த மாசம் பிரசவத்துக்குப் போறா. அவளையும் ஸ்டேஷன்ல நிக்க வைக்கணுமா? இப்பவே எல்லாருக்கும் போன் பண்ணுங்கண்ணா."

அன்று பிற்பகல் முழுவதும் டெனிசன் போனும் கையுமாக இருந்தார். ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொன்னார்; அவரவர் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று அரசு இணையதளத்தில் பார்க்கச் சொன்னார். சிலர் திட்டினார்கள், ஒருவர் பேச்சின் நடுவிலேயே போனை வைத்துவிட்டார். திரையிலிருந்த சீட்டைக் கிழித்து மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றினார், கணினிக்கும் ஒன்று வைத்தார். போனுக்கு வரும் ரகசிய எண்ணையும் கொடுத்தால்தான் மின்னஞ்சல் திறக்கும்படி செய்தார். பிரிண்ட் எடுக்க வருகிறவர்களுக்கு, அவருடைய கோப்புகள் கண்ணில் படாத வேறொரு பயனர் கணக்கைக் கணினியில் வைத்தார். நகல்களையும் அந்த மின்னஞ்சலையும் போலீஸ் பார்க்கும்வரை தொடாமல் விட்டார்.

பிறகு கோடு போட்ட தாளில் கடிதம் எழுத உட்கார்ந்தார். ஸ்டேஷனுக்கு ஒன்று, கம்பெனித் தலைமை அலுவலகத்துக்கு ஒன்று. எழுதியதை உரக்கப் படித்தபோது ஏகாம்பரநாதன் இடைமறித்தார்.

"அந்தக் கடைக்காரரு மேல தப்பு இல்லன்னும் எழுதுப்பா. நான் வாய்க்கு வந்தத பேசிட்டேன். போற வழியில அவரப் பாத்துட்டுதான் போவணும்."

அதையும் சேர்த்துக்கொண்டு, கடைசிப் பத்தியை டெனிசன் இப்படி எழுதினார்: "சுவாதி எந்தத் தவறும் செய்யவில்லை, அவருடைய நிரந்தர ஆணையை நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தவறு என்னுடையது. ஒருவருடைய ஆவணத்தை வாங்கி வீட்டுக் கணினியில் வைப்பவர், அவருடைய பெயரையும் பிழைப்பையும் சேர்த்தே வாங்கி வைக்கிறார். அதைப் பூட்டிக் காக்க முடியாதவர், வாங்கவே கூடாது."

திங்கட்கிழமை காலை டெனிசனும் சுவாதியும் முதலில் ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஆய்வாளர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். அதுவரை நிற்க வைத்தே விசாரித்த சுவாதியிடம், "உக்காரும்மா" என்றார்.

அங்கிருந்து தபால் நிலையம். தலைமை அலுவலகத்துக்கான கடிதத்தை உறையில் போடும் முன் டெனிசன் இன்னொரு முறை படித்தார்.

"உங்க வேலைக்கு எதுனா ஆயிடுமாண்ணா?" என்றாள் சுவாதி.

"ஆனாலும் ஆவும்மா."

அவர் உறையின் மடிப்பில் பசை தடவி, விளிம்பு முழுதும் ஒட்டும்படி விரலால் அழுத்தித் தேய்த்தார். கவுன்ட்டரில் இருந்தவர் அதை வாங்கி எடை பார்த்து, பின்னால் திறந்து கிடந்த தபால் பையில் போட்டார்.