கர்ட்டின் காருக்கு மாறி மாறி அடிக்கும் விளக்கு

உதவித் தலைவர் பதவி கர்ட்டுக்குப் போனதைக்கூட வெர்ன் எப்படியோ விழுங்கிக்கொண்டான். அந்தக் கர்ட்டின் காருக்கு மாறி மாறி அடிக்கும் முகப்பு விளக்கைத் தானே மாட்டிக் கொடுக்க வேண்டும் என்று வந்தபோதுதான் அடிவயிறு பற்றிக்கொண்டது.

பென்சில்வேனியா மலைக்குள் இருக்கும் ஆல்டர் ரன் ஊரின் தீயணைப்பு நிலையத்தில் சம்பளம் வாங்குகிறவர் யாரும் இல்லை. கசாப்புக் கடைக்காரர், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் என்று எல்லாரும் சங்கு ஊதினால் போட்டது போட்டபடி ஓடிவருகிறவர்கள்தான். சாதாரண உறுப்பினர் தன் காரில் நீல விளக்கு வைத்துக்கொள்ளலாம். அதைப் பார்த்து மற்ற வண்டிகள் வழிவிட்டால் விடலாம், விடாவிட்டாலும் கேள்வியில்லை. சைரனும், சிவப்பு விளக்கும், இடமும் வலமுமாகக் கண்ணைப் பறிக்கும் முகப்பு விளக்கும் தலைவர்களுக்கு மட்டும். வெர்ன் இருபது வருஷமாக அந்த நீல விளக்கோடு மாரடிக்கிறான். குழாயை எந்தக் கையில் பிடிப்பது என்று அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்ட பயல் கர்ட், டிசம்பர் தேர்தலில் அவனையே எதிர்த்து நின்றான், சிரித்தான், ஜெயித்தான். அநியாயமா இல்லையா, சொல்லுங்கள்!

இதில் கர்ட்டின் கார் குத்தகை வண்டி வேறு. கெடு முடிந்ததும் எடுத்தபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஊரில் ஒயரை வெட்டாமல் இந்த வேலையைச் செய்யத் தெரிந்தவன் வெர்ன் ஒருவன்தான்.

"பாத்துய்யா, கம்பெனி ஒயர்ல கத்தி பட்டுச்சு, என் பொண்டாட்டி என்னை வெட்டிடுவா" என்றான் கர்ட்.

"அதுக்கு முன்னாடி நான் வெட்டிடுவேன், சீஃப். வெளிச்சத்த மறைக்காம தள்ளி நில்லு."

வெர்னின் மனைவி ரோண்டா இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே ஷெட்டுக்குள் வந்தாள். அவள் அதே நிலையத்தின் ஆம்புலன்சில் போகிறவள். தட்டில் பூசணி வூப்பி பை, நடுவில் கிரீம் வைத்த குட்டிக் கேக்குகள். முதல் கேக்கை யாருக்குக் கொடுத்தாள்? கர்ட்டுக்கு! கட்டினவன் எண்ணெய்க் கையோடு குனிந்து கிடக்கிறான், அவன் கண்ணில் படுகிற மாதிரியே கொடுத்தாள்.

"ரோண்டா, இதுக்காகவே தெனமும் ஒரு விளக்கு மாட்டிக்கலாம் போல" என்றான் கர்ட்.

"மாட்டிக்கோயேன், யாரு வேணாம்னா?"

அவள் தன் பேச்சுக்கு இப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று வெர்ன் யோசித்துப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை. பொருமலில் காது மடல் சுட்டது.

வேலை சுலபம்தான். முகப்பு விளக்கின் முதுகில் இருக்கும் பிளக்கைக் கழற்ற வேண்டும். விளக்கை மாறி மாறி அடிக்க வைக்க வாங்கி வந்த இணைப்பை நடுவில் செருகி, கழற்றிய பிளக்கை அதன் வாலில் மாட்டிவிட வேண்டும். வெட்டுவதும் இல்லை, சுரண்டுவதும் இல்லை. கொக்கி மட்டும் 'க்ளிக்'கென்று விழ வேண்டும்.

வெர்ன் இரண்டு பக்கமும் செருகினான். கொக்கி விழும்வரை அழுத்தவில்லை.

சனிக்கிழமை தீயணைப்பு ஊர்வலம். புதுப் பதவிக்காரர் என்று கர்ட்டின் கார்தான் முன்னால் போகும். தண்டவாளத்தைத் தாண்டும்போது ஒரு குலுக்கு. பளபளவென்று வந்த விளக்கு ஊரே பார்க்கப் பொசுக்கென்று போகும். நல்லா வேணும் அவனுக்கு! பட்டப்பகல், யாருக்கும் ஒன்றும் ஆகாது. சுவிட்சைப் போட்டுக் காட்டினான். விளக்குகள் அழகாக மாறி மாறி அடித்தன. ரோண்டா கைதட்டினாள். வெர்ன் பானட்டை மூடினான்.

அப்போது மூன்று பேர் இடுப்பிலும் பேஜர் ஒன்றாகக் கத்தியது. மலைப்பாதை வளைவில் மரம் ஏற்றிய லாரி கவிழ்ந்து, உள்ளே ஆள் சிக்கியிருக்கிறார். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

"நானும் வர்றேன், கர்ட்!" ரோண்டா மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு கர்ட்டின் காரில் ஏறிவிட்டாள். புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பார்த்தாயா, போயாச்சு என்றுதான் வெர்னுக்கு முதலில் தோன்றியது. அடுத்த மூச்சில் போகிற வழி நினைவுக்கு வந்தது. அந்த மலைப்பாதை முழுக்கக் குண்டும் குழியும். ஒரு பக்கம் பள்ளம். இரண்டு விளக்கும் ஒன்றாகப் போனால்?

ஓடிப்போய்க் காரின் முன்னால் நின்று இரண்டு கையாலும் பானட்டில் அறைந்தான்.

"தெற! பானட்டத் தெறடா!"

"உனக்கென்ன பைத்தியமா? அங்க ஒருத்தன் சாகக் கெடக்குறான்!"

"தெறன்னா தெற!"

திறந்ததும் வெர்ன் கையை விட்டு அழுத்தினான். க்ளிக். அந்தப் பக்கம் ஓடி அழுத்தினான். க்ளிக். ஜன்னல்கள் திறந்திருந்தன, இரண்டு சத்தமும் உள்ளே நன்றாகவே கேட்டன.

கர்ட் தலையை வெளியே நீட்டினான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. "சரியா மாட்டலியா? மறந்துட்ட, அவ்வளவுதான? விடு."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெர்ன் ரோண்டாவின் முகத்தைப் பார்த்தான்.

"மறக்கல" என்றான்.

ரோண்டா மெதுவாகச் சொன்னாள்: "தேர்தல்ல நான் உனக்கு ஓட்டுப் போடல, வெர்ன். கட்டின புருஷனுக்கே துரோகம் பண்ணிட்டமேன்னு ஆறு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல."

கர்ட் பக்கம் திரும்பினாள். "வண்டிய எடு. இன்னிக்கு நான் தூங்கிடுவேன்."