பூட்டுப் போட்ட மூடி

வண்டி நின்றால் என் அண்ணன் வண்டியைப் பார்க்க மாட்டான். என்னைத்தான் பார்ப்பான்.

அந்த வேன் எங்கள் அப்பா விட்டுப்போனது. பேப்பரில் அண்ணன் பெயர், ஸ்டீயரிங்கில் என் கை. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களைக் காலையில் வீடு வீடாக ஏற்றி ஆஸ்பத்திரியில் விட்டு, டயாலிசிஸ் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் வீட்டில் சேர்ப்பது என் வேலை. என் வீட்டு அடுப்பு எரிவது அந்த வேலையில்தான். வேன் என் கல்யாணத்தைவிட மூத்தது. ஆனால் என் கல்யாணத்தைவிட ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மழைக்காலம் முடிந்த கையோடு அதற்கு ஒரு நோய் வந்தது. காலையில் கிளம்பும்போது குதிரை மாதிரி கிளம்பும். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் மேம்பாலத்தில் ஏறும்போது மூச்சுத் திணறும், இரண்டு குலுக்குக் குலுக்கும், அப்படியே நின்றுவிடும். சாவியைத் திருகித் திருகிக் கை ஓய்ந்து, சும்மா அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால், ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். பின்னால் இருப்பவர்கள் டயாலிசிஸ் முடிந்து துவண்டுபோய் வருகிறவர்கள். வெயிலில் தகரப் பெட்டிக்குள் அவர்களை உட்கார வைத்துக்கொண்டு, பின்னால் ஹாரன் அடிக்கிறவனின் ஏச்சையும் கேட்டுக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எங்கள் மெக்கானிக்கை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எஞ்சின் மேல் நீளமான ஸ்குரூ டிரைவரை நிறுத்தி, அதன் பிடியில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு எதையாவது மாற்றச் சொல்வார். பிளக்கை மாற்றினார். காயிலை மாற்றினார். பெட்ரோல் பம்பை மாற்றினார். கார்புரேட்டரை அக்கக்காகக் கழற்றிக் கழுவிப் பூட்டினார். மாற்றாமல் இருந்தது டிரைவரை மட்டும்தான்.

அதற்கும் ஏற்பாடு நடந்தது. பட்டறையில் வைத்து ஓட்டிப் பார்த்தால் வண்டி நிற்கவே நிற்காது. அதுதான் என் தலையில் விழுந்த இடி. டாக்டர் ஓட்டினால் ஓடும், அண்ணன் ஓட்டினால் ஓடும், நான் ஓட்டினால் நிற்கும்.

"வண்டியில ஒண்ணும் இல்லம்மா. கிளட்சை மிதிச்சே ஓட்டுறியோ என்னவோ" என்றார் டாக்டர்.

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்றான் அண்ணன். பக்கத்தில் அவன் மச்சினன் நின்று சிரித்தான். அண்ணியின் தம்பி. வேலை வெட்டி இல்லாதவன், ஆனால் சட்டை மட்டும் கசங்காது. "திங்கக்கிழமையிலருந்து இவன் ஓட்டட்டும். நீ கொஞ்ச நாள் வீட்டுல ரெஸ்ட் எடு" என்றான் அண்ணன். பழம் நழுவிப் பாலில் விழுந்த முகத்தோடு மச்சினன் தலையை ஆட்டினான்.

ரெஸ்ட். வருமானத்தைப் பிடுங்குவதற்கு இப்படி ஒரு பெயர். நாளைக்கு அவன் ஓட்டி நின்றால் வண்டியில் கோளாறு, நான் ஓட்டி நின்றால் என்னிடம் கோளாறு. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். எனக்கு வந்த ஆத்திரத்தில் பட்டறையே பற்றி எரிந்திருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை அதே மேம்பாலம். அதே திணறல், அதே குலுக்கல். முன் சீட்டில் டீச்சர் மட்டும்தான் பாக்கி. மற்றவர்களை இறக்கிவிட்டிருந்தேன். டீச்சர் ஓய்வு பெற்றும் வகுப்பெடுப்பதை நிறுத்தாதவர். அன்றைக்கு வாய் திறக்கவில்லை. முகம் வெளுத்து, உதடு காய்ந்து, கண்ணாடியில் தலையைச் சாய்த்திருந்தார்.

டாக்டருக்குப் போன் போட்டேன்.

"பெட்ரோல் தீந்திருக்கும். டேங்க்ல இருக்கான்னு பாரு" என்றார்.

அப்பா காலத்திலேயே அந்த வண்டியில் பெட்ரோல் காட்டும் முள் செத்துவிட்டது. மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுத்தான் பார்க்க வேண்டும். மூடியைத் திறக்க முடியாது. மழைக்காலம் முடிந்த சமயத்தில் அண்ணன் பட்டறையில் வைத்துப் பழைய மூடியைக் கழற்றிவிட்டு, பூட்டு வைத்த புது மூடி ஒன்றை மாட்டியிருந்தான். தெருவில் பெட்ரோல் திருடுகிறார்கள் என்றான். சாவி ஒன்றுதான் வந்தது என்று தன் பையில் போட்டுக்கொண்டான். காலையில் அவனே வந்து திறந்து, அவனே பெட்ரோல் ஊற்றி, அவனே பூட்டிவிட்டுப் போவான்.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"காலையிலதான் நிரப்பினேன். அதுக்குள்ள எப்படித் தீரும்?" என்றான்.

"தீந்துச்சா இல்லையான்னு பாக்கணும்ண்ணா. சாவியை எடுத்துட்டு வா. இல்லன்னா பூட்டை உடைக்கிறேன். டீச்சருக்கு முடியல."

"உடைக்காத. காரணமாத்தான் போட்டிருக்கேன்."

"என்ன காரணம்?"

"வண்டி ரொம்ப பெட்ரோல் குடிக்குது. எங்கேயோ போகுது. நான் யாரையும் சொல்லல."

யாரையும் சொல்லவில்லையாம். அந்த வண்டியைத் தொடுகிறவள் நான் ஒருத்திதான். தெருத் திருடனுக்கு என்று போட்ட பூட்டு எனக்குப் போட்ட பூட்டு. மாதக்கணக்காக அந்த மூடியைத் தினமும் துணியால் துடைத்து வைத்தவளும் நான்தான். எனக்கு அழுகை வரவில்லை.

டூல் பையிலிருந்து டயர் கழற்றும் கம்பியை எடுத்தேன். மூடியின் விளிம்பில் செருகி, என் அண்ணன் பெயரைச் சொல்லியே நெம்பினேன். இரண்டாவது நெம்பலில் பூட்டு தெறித்தது.

மூடி விலகியதுமே 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டது. நீளமாக இழுத்தது. தண்ணீருக்குள் மூச்சை அடக்கியிருந்தவன் மேலே வந்ததுபோல் இருந்தது. அடியில் டேங்கின் தகரம் 'டொம்' என்று ஒரு சத்தம் போட்டு நிமிர்ந்தது. எட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் பெட்ரோல்.

திறந்த வாயில் ஒரு துணியைத் தளர்வாகச் செருகிவிட்டுச் சாவியைத் திருகினேன். இரண்டு மூன்று சுற்று சுற்றி எஞ்சின் எடுத்துக்கொண்டது. அரை மணி காத்திருக்கவில்லை.

டீச்சர் கண்ணைத் திறந்தார். "என்ன பண்ணின?"

"மூடியைத் திறந்தேன் டீச்சர்."

"காத்து உள்ள போகாம எண்ணெய் எப்படி வெளிய வரும்? டின்னுல எண்ணெய் ஊத்தறதுக்கு ரெண்டு ஓட்டை போடுவாங்களே" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அதேதான். பழைய மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. இந்தப் புது மூடி ஏதோ வேறு வண்டிக்கானது, துளையே இல்லை. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் இறுகி, பெட்ரோலை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டது. நின்ற பிறகு இடுக்கில் காற்று கசிந்து உள்ளே போக அரை மணி ஆனது. பட்டறையில் நிற்காததற்கும் அதுதான் காரணம். ஒவ்வொரு முறையும் அண்ணன் சாவியோடு வந்து, மூடியைத் திறந்து பெட்ரோல் ஊற்றிய பிறகுதான் ஓட்டிப் பார்ப்பார்கள். நோயாளிக்கு மூச்சு கொடுத்துவிட்டு நோயே இல்லை என்பார் டாக்டர். பழி என்மேல்.

டீச்சரை வீட்டில் இறக்கி, அவர் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனேன். மூன்று பேரும் இருந்தார்கள். உடைந்த மூடியை டாக்டரின் மேஜையில் வைத்தேன்.

"இதுல ஓட்டை எங்கே இருக்குன்னு காதை வெச்சுக் கேட்டுச் சொல்லுங்க" என்றேன்.

டாக்டர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் விரலை விட்டுத் தடவினார். அவர் காது சிவந்தது. "அட, ஆமா" என்றார் மெதுவாக. நடந்ததை நான் சொன்னேன். காற்று இழுத்ததைச் சொன்னேன், டேங்க் நிமிர்ந்ததைச் சொன்னேன்.

"தங்கச்சி மேல தப்பில்ல" என்றார் டாக்டர் அண்ணனைப் பார்த்து. "பம்ப், காயில் எல்லாம் வீணா மாத்தியாச்சு. பூட்டைச் சரி பண்ணி, மூடியில ஒரு சின்ன ஓட்டை போட்டா போதும்."

என் அண்ணன் முகம் தெளிந்தது. மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று நினைத்தேன்.

"அப்போ ஓட்டையைப் போட்டு இதையே மாட்டிடுங்க டாக்டர்" என்றான். மச்சினனிடம் திரும்பி, "உன்கிட்ட இருக்கிற சாவியைக் குடு, பூட்டு சரியா விழுதான்னு பாப்போம்" என்றான்.

மச்சினன் தன் சாவிக் கொத்தை எடுத்தான். ஒன்றுதான் வந்தது என்று சொன்ன சாவியின் ஜோடி அதில் தொங்கியது.

நான் கத்தவில்லை. அதற்கெல்லாம் மேலே போய்விட்டிருந்தேன். டாக்டரின் மேஜை ஓரத்தில் எங்கள் பழைய மூடி மல்லாந்து கிடந்தது. இத்தனை நாளும் அதில் திருகாணிகளைப் போட்டு வைத்திருந்தார். மூன்று பேரும் பார்க்க, திருகாணிகளை மேஜையில் கொட்டினேன். மூடியை முந்தானையால் துடைத்து, வேனுக்குப் போய், துணியை உருவிவிட்டு டேங்கில் வைத்துத் திருகினேன்.

"இன்னொரு தடவை இதுல பூட்டைப் பாத்தேன்னா, நடு ரோடானாலும் சரி, இறங்கிப் போயிடுவேன். அப்புறம் உன் மச்சினனை ஏத்திக்கோ. பின்னாடி இருக்கிறவங்களுக்கு நீயே பதில் சொல்லு" என்றேன்.

அண்ணன் தரையைப் பார்த்தான். மச்சினன் சாவிக் கொத்தைப் பைக்குள் தள்ளினான். திங்கட்கிழமையைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். மதிய ஷிப்ட் ஆட்களை ஏற்ற நேரமாகிவிட்டது. அண்ணன் ஜன்னலருகே வந்தான். பழக்க தோஷத்தில் கண்ணை உள்ளே ஓட்டினான்.

"எவ்வளவு பெட்ரோல் இருக்கு?"

அந்தச் செத்துப்போன முள்ளை அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன்.

"பாதி டேங்க்" என்றேன். "நம்பினா நம்பு."