சாயாமல் வந்த சேறு

எங்கள் அப்பா ஏரிக்கரையில் டிரான்ஸ்ஃபார்மர் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். அவர் காலத்தோடு அதை மூடிவிட்டோம். பழைய எண்ணெயை ஏரியில் கொட்டினார் என்ற பேச்சை மட்டும் மூட முடியவில்லை. ஏரியைத் தூர்வாரி, வண்டலைக் காய்கறித் தோட்டங்களுக்குக் கொடுப்பதென்று ஊர்மன்றம் முடிவு செய்ததும் அது மறுபடி கிளம்பியது.

தம்பி ஏரித் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தான். சுத்தம் என்று வந்ததும் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தான். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் என் மருமகள், தண்ணீரில் தேடிப் பயனில்லை என்றாள். அந்த எண்ணெயின் நஞ்சு தண்ணீரில் கரையாதாம். வண்டலில் ஒட்டி அடியில் தங்கிவிடும், லேசில் மட்காது. வருடா வருடம் புது வண்டல் அதன்மேல் படியும். எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று பார்த்தால் எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாம்.

"அப்ப அடியிலேருந்தே எடும்மா. பட்டறைக்கு நேரா எடு" என்றேன். அப்பாவின் கை சுத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

படகிலிருந்து கண்ணாடிபோன்ற நீளக் குழாயை அடியில் இறக்கி, சேற்றை அடுக்குக் குலையாமல் எடுத்தாள். ஆய்வுக்கூடம் சேரும்வரை குழாய் சாயக்கூடாது. சாய்ந்தால் அடுக்குகள் கலந்து எல்லாம் வீண். நிறுத்தி வைக்கும் தாங்கியோ கரையேற்றும்போது உடைந்துவிட்டது. நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன்.

வேனை அவள் ஓட்டினாள். பின்னால் நானும் தம்பியும். குழாய் என் முழங்கால்களுக்கு நடுவே.

"உன் மாமனாரையும் குழாயையும் பக்கத்துல நிறுத்தினா எது எதுன்னு தெரியாது" என்று என் ஒல்லி உடம்பைக் காட்டி அவளிடம் சொல்லிச் சிரித்தான் தம்பி.

வெயில் குழாயில் விழுந்தது. நடுவில் விரல் கனத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை, எண்ணெய் மினுக்கோடு. தம்பியின் சிரிப்பு நின்றது. என் காதருகே குனிந்தான்.

"அண்ணே, அடுத்த பள்ளத்துல கையை விட்டுடுங்க. வயசான கை, நழுவிடுச்சுன்னு போயிடும். அப்பா பேரு தப்பிச்சுடும்."

"சாய்க்கிறதுக்கா பிடிச்சிட்டிருக்கேன்?"

பள்ளம் வந்தது. வேன் குலுங்கியபோது தம்பியின் கையும் குழாய்க்கு வந்தது. எதற்கு வருகிறதோ என்று பார்த்தேன். இறுக்கித்தான் பிடித்தான்.

சில வாரம் கழித்து மருமகள் முடிவோடு வந்தாள். பட்டறை நடந்த வருடங்களின் அடுக்கில்தான் நஞ்சு அதிகம். மேலே வரவரக் குறைகிறது. கிளறாமல் விட்டால் அந்த அடுக்கு அங்கேயே புதைந்து கிடக்கும். வாரினால் தோட்டத்துக்கு வந்துவிடும். அறிக்கையில் 'கரையோரப் பட்டறை ஒன்று' என்று மட்டும் எழுதட்டுமா என்று தயங்கிக் கேட்டாள்.

"பேரைப் போட்டே எழுது. எந்த இடம்னு தெரிஞ்சாத்தானே தோண்டாம இருப்பாங்க?"

"ஊர்ல ஒரு மாதிரி பேசுவாங்க, மாமா."

"பேசட்டும். மன்றத்துல நானே படிக்கிறேன். எங்க அப்பாவைப் பத்தி அடுத்தவன் வாயால கேக்கிற வழக்கம் நமக்கு இல்ல."

படித்தேன். தூர்வாருவதை நிறுத்திவைத்தார்கள். தம்பியும் வந்திருந்தான். முன்வரிசையில் உட்காரவில்லை, ஆனால் கடைசிவரை இருந்தான்.